மலையில் வேலை, அடிவாரத்தில் பென்ஷன்: டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எங்கே சிக்குகிறது?

மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்து எஸ்டேட்களில் முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர்கள், 58 வயதில் எஸ்டேட் குடியிருப்பான லயத்தின் சாவியை ஒப்படைத்துவிட்டு மலை இறங்குகிறார்கள். போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம், தெற்கே புளியரை, செங்கோட்டை என்று சொந்தக்காரர்கள் இருக்கும் ஊரில் போய்த் தங்குகிறார்கள். பிஎஃப் கணக்கு கேரளத்தில் இருக்கிறது. ஆதார் தமிழ்நாட்டில் எடுத்தது. வங்கிக் கணக்கு மூணாறில் தொடங்கியது. செல்போன் எண் மகனுடையது. இவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்றும், அந்த ஆள் இன்னும் இருக்கிறார் என்றும் வருஷத்துக்கு ஒரு முறை காட்டினால்தான் பென்ஷன் நிற்காமல் வரும்.

இந்தச் சான்று கொடுப்பதை இரண்டு மாநிலத்திலும் 'மஸ்டரிங்' என்கிறார்கள். விடிகாலைக் குளிரில் எஸ்டேட் மஸ்டரில் நின்று பேர் கொடுத்தே காலம் கழித்தவர்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் அதே சொல் துரத்திக்கொண்டு வருவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இங்கே பேசுவது பெரும்பாலும் 1995 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இபிஎஸ் 95 பற்றி. 2014 செப்டம்பர் முதல் இதில் குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 1,000 ரூபாய். இந்தத் தொகையே மாத்திரைச் செலவுக்கு ஆதாரமாக உள்ள வீடுகளில் இரண்டு மாதம் பணம் நின்றாலே வட்டிக்கு வாங்க வேண்டியதாகிவிடும். நிறுத்திய தொகையைச் சான்று ஏறியதும் நிலுவையாகச் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், உண்மைதான். ஆனால் வட்டியை யாரும் திருப்பித் தருவதில்லை.

முதலில், மாறியது என்ன என்று பார்த்துவிடலாம். ஜீவன் பிரமாண் என்ற ஆதார் வழிச் சான்று 2014 நவம்பர் 10இல் தொடங்கியது. அதற்கு முன் வங்கி மேலாளர் முன்னால் போய் நின்று தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி வந்தது, கைரேகைக் கருவி கட்டாயமில்லை என்றானது. மூன்றாவது மாற்றம் எல்லைக்காரர்களுக்குப் பெரியது: 2025 ஜனவரியிலிருந்து, பிஎஃப்பையும் இந்தப் பென்ஷனையும் நடத்தும் அமைப்பான இபிஎஃப்ஓ மையப்படுத்தப்பட்ட ஓய்வூதிய வழங்கல் முறைக்கு மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு மண்டல அலுவலகமும் மூன்று நான்கு வங்கிகளோடு மட்டும் ஒப்பந்தம் வைத்திருந்தது. கேரளத்து அலுவலகத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் தேனிக்குக் குடிவந்தால் பிபிஓவை, அதாவது ஓய்வூதிய ஆணையை, இங்கே மாற்றி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்பு நகரும்வரை காத்திருப்புதான். இப்போது நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பணம் ஏறும், பிபிஓவை மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நவம்பர் மாதக் கெடு மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உரியது. அவர்களில் 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இபிஎஸ் 95காரர்கள் வருஷத்தில் எந்த நாளிலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். நவம்பர் கூட்டத்தில் போய் நசுங்க வேண்டிய அவசியமே இவர்களுக்கு இல்லை. ஆடி மாதத்தில் கூட்டமில்லாத ஒரு நாள் போய்க் கொடுத்தால் அடுத்த கெடுவும் ஆடிக்கே நகர்ந்துவிடும்.

இனி விரல். கொழுந்து எடுப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்யும் வேலை. தேயிலைச் சாறு கறுப்பாக ஏறி, ரேகையின் பள்ளங்களில் படிந்து, அந்த இரண்டு விரலிலும் மேடு பள்ளம் மழுங்கிவிடும். கருவியோ ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் எண்ணுகிறது. மழுங்கிய விரலில் அந்தப் புள்ளிகள் குறைவு. வயதானால் தோலும் வறண்டு, கண்ணாடியில் வைத்த விரல் திட்டுத்திட்டாக விழும்.

மையங்களில் பார்த்தால் எல்லோரும் பழக்கத்தில் வலது கட்டைவிரலைத்தான் நீட்டுகிறார்கள். அதாவது, இருப்பதிலேயே தேய்ந்த விரலை. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. மோதிர விரலையும் சுண்டு விரலையும், குறிப்பாக இடது கையில், முயன்று பார்த்தால் பல நேரம் அங்கே விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, துண்டால் ஒற்றி, லேசான ஈரப்பதம் இருக்கும்போதே வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட வைத்தாலும் விழாது, குத்தி அழுத்தினாலும் விழாது. அழுத்தினால் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலைத் தட்டையாகப் படுக்க வைத்து, அசைக்காமல் இரண்டு விநாடி வைத்தால் போதும்.

விழவில்லை என்றால் கடைக்காரர் உடனே சொல்வது 'சர்வர் டவுன்'. அந்த ஒரு வார்த்தைக்குள் அரை டஜன் வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. திரையில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 300 என்று வந்தால் விரல் பதிவோடு பொருந்தவில்லை. வேறு விரல் வைக்கலாம், அல்லது முகத்துக்கு மாறலாம். 330 என்றால் ஆதார்க்காரரே தன் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருக்கிறார். திறக்காமல் எத்தனை விரல் வைத்தாலும் வீண். 811 என்றால் ஆதார்ப் பதிவிலேயே அந்த வகை பயோமெட்ரிக் இல்லை. ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும். 561, 562 என்றால் நேரக் குழப்பம், கணினியிலோ போனிலோ தேதியும் மணியும் தவறாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய அரை நிமிஷம் போதும். இதற்காகப் போய் மூதாட்டியை நாளைக்கு வரச் சொல்வது அநியாயம்.

கருவியே காரணமாக இருப்பதும் உண்டு. முன்பு புழங்கிய எல்0 வகைக் கருவிகளில் ரேகையைப் பூட்டி மறையாக்கும் வேலை கணினியில் நடந்தது. எல்1 வகையில் அது கருவிக்குள் இருக்கும் சிப்பிலேயே நடந்துவிடுகிறது, நடுவில் யாரும் ரேகையை எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் ஆதார் ஆணையம் எல்0வை ஒதுக்கி எல்1க்கு மாறச் சொன்னது. மந்த்ரா நிறுவனக் கருவிகளில் எம்எஃப்எஸ்100 பழையது, எம்எஃப்எஸ்110 புதியது. கடையில் பழைய பெட்டிதான் இருக்கிறது என்றால் அங்கே நின்று பயனில்லை.

விரலை விட முகம் இந்த மக்களுக்குத் தோதானது. முகத்துக்குத் தனிக் கருவி வேண்டாம், பேரன் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன் போதும். 4 ஜிபி ராமும் 5 மெகாபிக்சலுக்குக் குறையாத கேமராவும் இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் இரண்டு செயலிகளை இறக்க வேண்டும்: முதலில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', பிறகு 'ஜீவன் பிரமாண்'. முதல் செயலி நிறுவிய பின் திரையில் அதற்கு ஐகான் எதுவும் வராது. ஏறவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்குபவர்கள் நிறைய. செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலைத் திறந்தால் அங்கே இருக்கும். அது பின்னாலிருந்து வேலை செய்யும் செயலி, திறப்பதற்கானது அல்ல.

ஜீவன் பிரமாணைத் திறந்ததும் முதலில் 'ஆபரேட்டர்' விவரம் கேட்கும். இது போன் வைத்திருக்கும் பேரனுடையதாக இருக்கலாம், அல்லது ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருக்கலாம். ஆபரேட்டரின் ஆதார் எண், செல்போன் எண், மின்னஞ்சல் கொடுத்து, ஓடிபி போட்டு, அவர் முகத்தை ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகுதான் ஓய்வூதியரின் ஆதார் எண்ணும் செல்போன் எண்ணும். இந்த இடத்தில் கேட்கும் எண் ஆதாரோடு இணைந்த எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன கேரள சிம்மை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், கையிலிருக்கும் எந்த எண்ணையும் கொடுக்கலாம். அடுத்து ஆதாரில் உள்ளபடி பெயர், பென்ஷன் வகை, ஒப்பளித்த அமைப்பு, வழங்கும் அமைப்பு, பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண். ஒப்பளித்ததும் வழங்குவதும் இரண்டுமே இபிஎஃப்ஓ. 'வழங்கும் அமைப்பு' என்ற இடத்தில், பணம் வங்கியில்தானே வருகிறது என்று வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சான்று வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பிபிஓ எண் தெரியாவிட்டால், இபிஎஃப்ஓ இணையதளத்தின் ஓய்வூதியர் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ பழைய பிஎஃப் எண்ணையோ கொடுத்துத் தேடலாம்.

கடைசியில் திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகம் நிறைய வேண்டும், கண் சிமிட்டச் சொல்லும், பச்சையானதும் முடிந்தது. சிமிட்டச் சொல்வது, போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. வெளிச்சம் முகத்தின்மேல் விழ வேண்டும். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் முகம் கறுத்துப் போய்த் தோற்கும். கண்ணாடியைக் கழற்ற வேண்டும். மலையில் இருப்பவர்கள் மங்கி குல்லாயையும் மப்ளரையும் கழற்ற மறந்துவிடுகிறார்கள். பின்னால் எட்டிப் பார்க்கும் பேத்தியும் சட்டத்துக்குள் வரக்கூடாது. பல் எல்லாம் போய்க் கன்னம் ஒட்டியவர்களுக்கு, 2011, 2012இல் எடுத்த ஆதார்ப் படத்தோடு முகம் பொருந்தாமல் போவதுண்டு. அப்படியானால் ஆதார் மையத்தில் 125 ரூபாய் கட்டிப் படம், விரல், கருவிழி மூன்றையும் ஒரே நேரத்தில் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இதை எந்த மாநிலத்து மையத்திலும் செய்யலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மையில் எளிய பகுதி. பொருந்த வேண்டியது முகம் மட்டுமென்றால் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தே இருக்கும். எல்லை ஊர்களில் சான்று விழுவது பெயரில்.

ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: மாரியம்மாள். 1980களில் எஸ்டேட் ஆபீசில் மலையாளி கிளார்க் கேட்டு எழுதியது 'மாரியம்மா'. கல்யாணத்துக்கு முன் சேர்ந்ததால் தலைப்பெழுத்து அப்பாவுடையது. கேரள வழக்கப்படி அது பெயருக்குப் பின்னால் நிற்கும். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் கணவர் பெயரின் எழுத்து, தமிழ்நாட்டு வழக்கப்படி பெயருக்கு முன்னால். வங்கியில் தலைப்பெழுத்தை விரித்து 'மாரியம்மாள் சண்முகம்' என்று போட்டிருப்பார்கள். ஆங்கில எழுத்தில் ஒரு 'ஒய்' கூட, ஒரு 'எல்' குறைய. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கணினிக்கு இவர்கள் நான்கு பெண்கள். பிறந்த தேதியும் அப்படியே. வேலையில் சேரும்போது டாக்டர் பார்த்துப் போட்ட வயது பிஎஃப்பில் இருக்கும், ஆதாரில் பல பேருக்கு வருஷம் மட்டும்தான் இருக்கும்.

முகம் ஆதாரோடு பொருந்திச் சான்று உருவாகிவிடும், செல்போனுக்குச் சான்றின் அடையாள எண்ணான பிரமாண் எண்ணும் வந்துவிடும். அத்தோடு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தச் சான்றைப் பிபிஓவோடு ஒப்பிட்டு ஏற்பதா, தள்ளுவதா என்பது வழங்கும் அலுவலகத்தின் வேலை. சான்று உருவாவது ஒரு படி, ஏற்கப்படுவது இன்னொரு படி. பெயரோ பிபிஓ எண்ணோ கணக்கு எண்ணோ மாறியிருந்தால் இரண்டாவது படியில் தள்ளப்படும். குறுஞ்செய்தியை நம்பி ஒரு வருஷம் சும்மா இருக்காமல், பிரமாண் எண்ணை வைத்து ஜீவன் பிரமாண் தளத்தில் நிலை என்ன என்று ஒரு வாரம் கழித்துப் பார்த்துவிட வேண்டும்.

பெயரைத் திருத்துவதென்றால் எதைத் திருத்துவது? கடைகளில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், ஆதாரை மாற்றிவிடுங்கள் என்று. இது பெரும்பாலும் தவறான யோசனை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். தவிர, அதை மாற்றினால் ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, வங்கி எல்லாம் ஒவ்வொன்றாகச் சிக்கும். பிஎஃப் பதிவை ஆதாருக்கு ஏற்பத் திருத்துவதே சரி. அதற்கு எஸ்டேட் நிர்வாகமும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. பீருமேடு பக்கம் 2000 வாக்கில் நிர்வாகம் கைவிட்டுப் போன எஸ்டேட்களில் வேலை செய்தவர்களுக்குக் கையெழுத்துப் போட யாருமில்லை. மூடிய நிறுவனங்களின் விஷயத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, வங்கி மேலாளர் போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்கும் வழி உண்டு. எஸ்டேட் அடையாள அட்டை, பழைய சம்பளச் சீட்டு, பிஎஃப் சீட்டு ஏதாவது ஒன்று இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். மலை இறங்கும்போது பழைய தாள்களை எரித்துவிட்டு வராதீர்கள்.

வங்கிப் பாஸ்புக்கிலும் ஒரு விஷயம். இடுக்கிப் பக்கம் பலருக்கு ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரில் கணக்கு இருந்தது. அது 2017 ஏப்ரல் 1இல் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்ததில் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சி மாறியது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து நிரப்பாமல் போடியில் உள்ள கிளையில் புதுப் பாஸ்புக் வாங்கிக்கொண்டு நிரப்புங்கள்.

இரண்டு பென்ஷன் வாங்குபவர்களுக்கு இரண்டு சான்று வேண்டும். கணவர் வழிக் குடும்ப ஓய்வூதியமும் சொந்த ஓய்வூதியமும் இருந்தால், ஒவ்வொரு பிபிஓவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கேரள அரசின் நல ஓய்வூதியம் வேறு கதை. அதற்கு ஜீவன் பிரமாண் செல்லாது. அந்த மஸ்டரிங் கேரளத்து அட்சயா மையங்களில், ஜீவன் ரேகா என்ற மென்பொருளில் நடக்கிறது. தேனியில் உள்ள இ-சேவை மையத்தில் கேட்டுப் பயனில்லை, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறித்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கான நேர்காணல் கருவூலத் துறையின் கீழ் வருகிறது, ஓய்வு பெற்ற மாதம் எதுவோ அந்த மாதத்தில். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார். அஞ்சல் துறை வங்கி இதற்கு 70 ரூபாய் வாங்கிவந்தது; 2025 நவம்பர் ஒப்பந்தத்தின்படி இபிஎஸ் 95காரர்களுக்கான செலவை இபிஎஃப்ஓவே ஏற்கிறது.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, 'கருவூலத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் உயிர்வாழ் சான்று காலாவதியாகிவிட்டது, வந்த நம்பரைச் சொல்லுங்கள்' என்று வரும் போன். அழைப்பவர் கையில் பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாம் இருக்கும், அதனால் நம்பிவிடுவார்கள். எந்த அலுவலகமும் போனில் கேட்டுச் சான்றைப் புதுப்பிக்காது. முகமோ விரலோ இல்லாமல் அது முடியவே முடியாது. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் தொகை கை மாறிவிடும்.

இரண்டாவதை அதிகம் பேர் பேசுவதில்லை. சான்றுக்கு வைக்கும் அதே விரல்தான் ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் வங்கிக் கணக்கையும் திறக்கிறது. ஒரு முறை எடுத்தால் 10,000 ரூபாய் வரை. 'விழல, மறுபடி வைங்க' என்று மூன்றாவது முறை கேட்கும்போது திரையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கூட வந்தவர் ஒரு கண் வைக்க வேண்டும். சான்று முடிந்ததும் ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். அதற்கு ஆதாரோடு இணைந்த செல்போன் எண் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்த வருஷம் சான்று எடுக்கும் முன் திறக்க மறந்தால் முன்னே சொன்ன 330 வந்து நிற்கும். ஆதார் எண்ணைக் கடை நோட்டில் எழுதிக் கொடுப்பதற்குப் பதில், அதற்கு மாற்றாகச் செல்லும் 16 இலக்க விஐடி எண்ணைக் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாடு முழுக்க எதற்கு? இறந்துபோன சிலரின் கணக்கில் பணம் ஏறாமல் தடுக்க. அதற்காக உயிரோடு இருக்கும் எல்லோரையும் வருஷா வருஷம் வரிசையில் நிறுத்துகிறோம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்து, நாடு தழுவிய இறப்புத் தரவுத்தளத்துக்கு வழி திறந்திருக்கிறது. கேரளத்தில் பென்ஷன் வாங்கியவர் தேனியில் இறந்தால் அந்தப் பதிவு தானாகவே இபிஎஃப்ஓவுக்குப் போய்ச் சேரும்படி செய்தால், சான்று கேட்பதைப் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தியே விடலாம். முகம் பார்க்கும் செயலிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைப் பெயர்ப் பொருத்தத்துக்கும் இறப்புப் பதிவு இணைப்புக்கும் கொடுத்தால் போதும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

அதுவரை, மாதந்தோறும் 27ஆம் தேதி எல்லா மாவட்டங்களிலும் இபிஎஃப்ஓ நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' முகாம் இருக்கிறது. சான்று தள்ளப்பட்டவர்கள், விரலும் முகமும் இரண்டும் தோற்றவர்கள் அங்கே நேரில் போய் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளலாம். போகும்போது பிபிஓவைப் பிரித்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள். அதில் கணவன் அல்லது மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அச்சாகியிருக்கும். ஓய்வூதியர் காலமான பிறகு அந்தப் பெயருக்குத்தான் துணைவர் ஓய்வூதியம் போகும். அந்தப் பெயரும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால், திருத்த மனுவில் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். இப்போது கையெழுத்துப் போட இரண்டு பேருமே இருக்கிறார்கள்.